ஏப்ரலுக்குப் பிறகு ஆகஸ்ட்!

புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவி. மறுநாள் காலை பத்து மணிக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. இரவு பதினொன்றரை மணிக்கு விடுதி அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசி சார்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைப்பு, சென்னையில் 2015-ஆம் ஆண்டு மாதவாரியாகப் பெய்த மழை. பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பட்டை. இதைவிட எளிய வேலை உண்டா?

ஆர் மென்பொருளில் நான்கு வரி எழுதி என்டர் தட்டினாள். படம் வந்தது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தோழி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏன்டி, உங்க ஊர்ல ஏப்ரலுக்கு அப்புறம் ஆகஸ்ட்டா வரும்?"

அப்போதுதான் இவளும் கவனித்தாள். கீழே அச்சில் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி, ஜனவரி, ஜூலை, ஜூன், மார்ச், மே, நவம்பர், அக்டோபர், செப்டம்பர் என்று மாதங்கள் நின்றன. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி ஆங்கில அகர வரிசையில், ஒரு பிழை இல்லாமல்!

கணினி தப்பு செய்யவில்லை. அதற்குத் தெரிந்ததைத்தான் செய்தது. அதற்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பதைப் புரிந்துகொள்ளாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் அந்த இரவின் மீதிக் கதை. ஆனால் முதலில் இது ஏன் நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எழுத்து வேறு, பொருள் வேறு

நமக்கு 'ஏப்ரல்' என்றால் ஒரு மாதம். மார்ச்சுக்குப் பின், மே-க்கு முன். வெயில், பரீட்சை, மாங்காய் எல்லாம் அதோடு சேர்ந்து நினைவுக்கு வரும். கணினிக்கு அது ஐந்து ஆங்கில எழுத்துகள் கொண்ட ஒரு சொல், அவ்வளவுதான். சொற்களை வரிசையில் நிறுத்தச் சொன்னால் எழுத்தைப் பார்த்து நிறுத்தும். 'ஏ' முதலில், 'பி' அடுத்து.

எண்களுக்கும் இதே கதிதான், அவை எழுத்தாகப் பதிவாகியிருந்தால். 1, 2, 3 என்று 12 வரை உள்ள வார்டு எண்களை எழுத்து வடிவில் சேமித்துவிட்டு வரிசைப்படுத்தினால் 1, 10, 11, 12, 2, 3 என்று வரும். வயதுப் பிரிவுகளைப் போட்டால் '5-9' என்பது '10-14', '20-24' எல்லாவற்றையும் தாண்டி '45-49'-க்கு அடுத்ததாகப் போய் உட்காரும். ஐந்து வயதுக் குழந்தை ஐம்பது வயதுக்காரர்களுக்குப் பக்கத்தில்!

தமிழில் எழுதினால் தப்பிக்கலாமா என்றால் அங்கே வேறு கூத்து. ஆங்கில மாதங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வரிசைப்படுத்தினால் அக்டோபர்தான் முதல் மாதம், அடுத்து ஆகஸ்ட். கிழமைகளைக் கொடுத்தால் சனி, செவ்வாய், ஞாயிறு, திங்கள், புதன், வியாழன், வெள்ளி என்று வரும். வாரம் சனியில் தொடங்கி நேராகச் செவ்வாய்க்குத் தாவுகிறது.

இதைவிட வேடிக்கை நம் தமிழ் மாதங்களில் இருக்கிறது. ஆனி, ஆடி, ஆவணி என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்காட்டி வரிசை ஆனி, ஆடி, ஆவணி. தமிழ் அகராதி வரிசை ஆடி, ஆவணி, ஆனி. ஏனென்றால் நம் மெய்யெழுத்து வரிசையில் 'ன' கடைசி எழுத்து. ஆனால் யூனிகோடு அட்டவணையில் 'ன' என்ற எழுத்து 'ந'-வுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே மாதிரிக் கட்டம் போட்ட பழைய இஸ்கி குறியீட்டு முறையிலிருந்து வந்த ஏற்பாடு அது. எனவே வெறும் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் மென்பொருள் ஆடி, ஆனி, ஆவணி என்று கொடுக்கும். தமிழுக்கான வரிசை விதிகளைத் தெரிந்துவைத்திருக்கும் மென்பொருள் அகராதி வரிசையைக் கொடுக்கும். இரண்டுமே நாள்காட்டி வரிசை அல்ல!

மூன்றே மூன்று சொற்கள், மூன்று வரிசைகள். மூன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. எது வேண்டும் என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். மென்பொருள்களில் 'கஸ்டம் சார்ட்' என்று ஒரு வசதி வைத்திருப்பது இதற்காகத்தான். 'உன் வரிசை வேண்டாம், நான் சொல்லும் வரிசையில் நிறுத்து' என்று கணினியிடம் சொல்வது.

அலங்கோலம் மட்டுமா?

மாத வரிசை மாறினால் பார்க்க அசிங்கமாக இருக்கும், வேறென்ன நஷ்டம் என்று கேட்கலாம். அந்த மாணவியின் படத்தையே எடுத்துக்கொள்வோம்.

2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஓர் ஆண்டு முழுவதும் அந்த ஊருக்குக் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். நவம்பரிலேயே ஏரிகள் நிரம்பிவிட்டன. மண் ஊறிப் போயிற்று. அதற்குப் பிறகுதான் டிசம்பர் 1-ஆம் தேதி வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை தாண்டியது.

அதாவது டிசம்பர் வெள்ளத்துக்கான காரணத்தில் பாதி நவம்பரில் இருக்கிறது. நவம்பர் பட்டையையும் டிசம்பர் பட்டையையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால்தான் இது கண்ணில் படும். அகர வரிசையில் டிசம்பர் மூன்றாவது இடத்தில், நவம்பர் பத்தாவது இடத்தில். நடுவில் ஆறு மாதங்கள். இடமிருந்து வலமாகப் படிப்பவருக்கு முதலில் வெள்ளம் வருகிறது, அப்புறம் வெயில் வருகிறது, கடைசியில் ஏரி நிரம்புகிறது! வடகிழக்குப் பருவமழை என்ற ஒன்று இருப்பதே அந்தப் படத்தில் தெரியாது. எண் ஒவ்வொன்றும் சரி. ஆனால் படம் சொல்லும் கதை தப்பு.

தப்பான மருந்து

இப்போது மறுபடியும் விடுதி அறைக்கு.

மாணவி அவசரமாக இணையத்தில் தேடினாள். யாரோ எழுதியிருந்த ஒரு வரி கிடைத்தது. ஆர் மென்பொருளில் இப்படிப்பட்ட சொற்களை 'ஃபேக்டர்' என்ற வகையில் வைப்பார்கள். அந்த ஃபேக்டருக்கு 'லெவல்ஸ்' என்று ஒரு பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிசையாக எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தாள். எழுதினாள். என்டர் தட்டினாள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்... ஆகா, வரிசை வந்துவிட்டது! லேப்டாப்பை மூடப் போனாள்.

தோழி மட்டும் எழுந்து உட்கார்ந்து படத்தை உற்றுப் பார்த்தாள். அவள் முடிச்சூர்ப் பெண். 2015-இல் அவளுக்குப் பத்து வயது. மொட்டை மாடியில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தவள்.

"மார்ச்ல இவ்ளோ பெரிய பட்டை இருக்கே... எங்க வீட்டுக்குள்ள தண்ணி மார்ச்லயாடி வந்தது? டிசம்பர்ல பாரு, ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு."

நடந்தது இதுதான். அந்தக் கட்டளை வரிசையை மாற்றவில்லை, பெயர்ப் பலகையை மாற்றிவிட்டது. முதல் இடத்தில் இருந்த ஏப்ரல் மழைக்கு 'ஜனவரி' என்று பெயர் வைத்தது. மூன்றாம் இடத்தில் இருந்த டிசம்பர் மழைக்கு 'மார்ச்' என்று பெயர் வைத்தது. பத்தாம் இடத்து நவம்பர் 'அக்டோபர்' ஆயிற்று, பதினோராம் இடத்து அக்டோபர் 'நவம்பர்' ஆயிற்று. பட்டைகள் ஒன்றுகூட நகரவில்லை. வீட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் அங்கேயே இருக்க, வாசலில் இருக்கும் பெயரை மட்டும் தெரு முழுக்க மாற்றி மாட்டியது போல!

முதல் படத்தைப் பார்த்தவுடன் தப்பு என்று யாருக்கும் தெரியும். இரண்டாவது படம் பார்க்கச் சுத்தமாக இருந்தது, அதனால்தான் அது அபாயம். அக்டோபர், நவம்பர் பட்டைகள் தமக்குள் இடம் மாறிக்கொண்டதால் அங்கே மழை இருப்பது நம்பும்படியாகவே இருந்தது. ஜூனும் ஜூலையும் மாறியது யார் கண்ணிலும் படாது. மார்ச் பட்டை மட்டும் காட்டிக் கொடுத்தது. அதையும் கண்டுபிடித்தது புள்ளியியல் அல்ல, மொட்டை மாடியில் உட்கார்ந்த ஞாபகம்.

ஆரில் செய்ய வேண்டியது வேறு. ஃபேக்டரை முதலில் உருவாக்கும்போதே லெவல்ஸ் எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு மாதமும் தன் மழையைத் தூக்கிக்கொண்டே நகரும். உருவாக்கிய பிறகு லெவல்ஸ் மேல் புதிய பெயர்களை எழுதினால் பெயர்தான் மாறும், ஆள் மாற மாட்டார். எழுதும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். விளைவு நேர் எதிர்.

இது ஆர் மட்டும் செய்யும் குறும்பு என்று எக்ஸெல்காரர்கள் சிரிக்க வேண்டாம். எக்ஸெல்லில் ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் கொடுத்தால், பக்கத்து நெடுவரிசைகளையும் சேர்த்துக்கொள்ளவா, இதை மட்டும் மாற்றவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். அவசரத்தில் இரண்டாவதைக் க்ளிக் செய்தவர்களுக்குத் தெரியும். பெயர்கள் வரிசையாகும், மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருவனுடைய மார்க் இன்னொருவனுக்குப் போய்விடும். உடனே கவனித்தால் பின்வாங்கலாம். கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் எது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பழைய பிரதி வேண்டும்.

ஜார்ஜியாவின் மே மாதம்

விடுதி அறையில் நடந்தது பெரிய உலகத்திலும் நடந்திருக்கிறது. அங்கே தோழி எட்டிப் பார்ப்பதற்குள் ஊரே பார்த்துவிட்டது.

2020 ஏப்ரல் 24. கொரோனா முதல் அலை நேரம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் மற்ற பல மாநிலங்களுக்கு முன்பாகவே கடைகளைத் திறக்க ஆரம்பித்தது. முடிதிருத்தும் கடை, உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் திறந்தன. சரியா, அவசரமா என்று நாடு முழுவதும் வாக்குவாதம். அந்தச் சமயத்தில் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் தளத்தில் ஒரு பட்டை விளக்கப்படம் இருந்தது. தொற்று அதிகமுள்ள ஐந்து மாவட்டங்களில் கடந்த பதினைந்து நாட்களில் நாள்தோறும் எத்தனை பேர் என்று காட்டும் படம். இடது பக்கம் உயரமான பட்டைகள், வலது பக்கம் போகப் போகக் குட்டையான பட்டைகள். அழகாக இறங்கிக்கொண்டே போகும் படிக்கட்டு. பார்த்தவர்களுக்கு நிம்மதி. தொற்று குறைகிறது!

கீழே அச்சில் தேதிகளைப் படித்தவர்கள்தான் திடுக்கிட்டார்கள். ஏப்ரல் 28 முதலில், அதற்குப் பிறகு ஏப்ரல் 27. மே 2 வந்த பிறகு ஏப்ரல் 26 வந்தது. தேதிகளைக் காலப்படி நிறுத்தாமல், எண்ணிக்கை அதிகமான நாள் முதலில், குறைவான நாள் கடைசியில் என்று நிறுத்தியிருந்தார்கள். எந்த எண்களை அப்படி நிறுத்தினாலும் இறங்குகிற படிக்கட்டுதான் வரும். பங்குச் சந்தை ஏறினாலும் இறங்கும், வெயில் ஏறினாலும் இறங்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு நாளுக்குள்ளும் ஐந்து மாவட்டங்களின் வரிசையும் மாறி மாறி இருந்தது.

விமர்சனம் கிளம்பியதும் படத்தை மாற்றினார்கள். ஆளுநர் அலுவலகத் தரப்பில் மன்னிப்பும் கேட்டார்கள். உச்சம் எந்த நாளில் என்று எளிதாகத் தெரியட்டும் என்றுதான் அப்படி அமைத்தோம் என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அது உண்மையாகவே இருக்கலாம். 'எந்த நாளில் அதிகம்?' என்று கேட்பவருக்கு அந்த வரிசை சரியான பதில்தான். ஆனால் அன்று ஜார்ஜியாவில் கடைக்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்தவர் கேட்ட கேள்வி அது இல்லை. 'கூடுகிறதா, குறைகிறதா?' என்பது அவருடைய கேள்வி. அதற்குக் காலம்தான் வரிசை. ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்வி கேட்டவர் கையில் கொடுத்தால் அது பொய்யாகிவிடுகிறது, கொடுத்தவர் மனதில் பொய் இல்லாவிட்டாலும்.

காலம் எப்போதும் சரியா?

சரி, அப்படியானால் தேதி இருந்தால் தேதி வரிசை போட்டுவிட வேண்டியதுதானே? அங்கேயும் ஒரு கதை இருக்கிறது. இது சோகக் கதை.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். துணை ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் விறைத்துப்போனது முக்கியக் காரணம். அன்று காலை ஏவுதளத்தில் 36 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸ். ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தைய இரவே, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசியில் நிறுவன மேலாளர்கள் ஏவுவதற்குச் சம்மதம் தெரிவித்துவிட்டார்கள்.

பிறகு நடந்த விசாரணையில் ஒரு விளக்கப்படம் வைக்கப்பட்டது. முந்தைய பயணங்களின் ராக்கெட்டுகள் ஒவ்வொன்றும் சின்னப் படமாக, எதில் எங்கே வளையம் சேதம் என்ற குறிப்போடு. அவற்றை எந்த வரிசையில் நிறுத்தியிருந்தார்கள்? ஏவிய தேதி வரிசையில். ஒவ்வொரு ராக்கெட்டிலும் அன்றைய வெப்பநிலை எழுதியிருந்தது. ஆனால் தேதிப்படி நின்றதால் குளிர்நாளும் வெயில்நாளும் கலந்து நின்றன. சேதம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தது.

விளக்கப்படங்கள் பற்றி எழுதிவரும் எட்வர்ட் டஃப்டி, 1997-இல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதைச் சுட்டிக்காட்டினார். அதே விவரங்களை வெப்பநிலை வரிசையில் நிறுத்திப் பாருங்கள் என்றார். விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டும்தான் வளையத்தில் பாதிப்பு. 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கு பயணங்களில் நான்கிலும் பாதிப்பு. இருபதில் மூன்று, நான்கில் நான்கு! வெப்பநிலை வரிசையில் நின்றால் இது ஒரு பார்வையில் தெரியும். தேதி வரிசையில் தேடிப் பொறுக்க வேண்டும்.

சார்ட் சரியாக இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியாது. எச்சரித்த பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் போய்ஸ்ஜோலி, வேறு சிலருடன் சேர்ந்து 2002-இல் எழுதிய கட்டுரையில் டஃப்டியின் வாதத்தை மறுத்தார். ஆபத்து என்று வாயால் சொன்னோம், கேட்கவில்லை என்பதும் ஒரு பக்கம் இருக்கிறது. அதிகாரம் காதைப் பொத்திக்கொண்டால் எந்த வரிசையும் உதவாது. ஆனாலும் ஒன்று நிற்கிறது. 'எப்போது நடந்தது?' என்பது ஒரு கேள்வி. 'எந்தக் குளிரில் நடந்தது?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் போட்ட வரிசையில் இரண்டாவதன் பதில் ஒளிந்துகொள்ளும்.

ஜார்ஜியாவில் காலம் வேண்டிய இடத்தில் அளவு வந்தது. சேலஞ்சரில் வெப்பம் வேண்டிய இடத்தில் காலம் வந்தது. ஆக எல்லாவற்றுக்கும் பொருந்தும் வரிசை என்று ஒன்று கிடையாது. அச்சில் இருக்கும் வரிசை, படம் போட்டவர் மனதில் இருந்த கேள்வி. அவர் கேள்வியே கேட்காவிட்டால் மென்பொருள் தானாக ஒன்றைக் கேட்டுவிடும். பெரும்பாலும் அது கேட்கும் கேள்வி, 'முதல் எழுத்து என்ன?' என்பது.

நான்கு வகைகள்

பொதுவாக இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

மாதம், கிழமை, ஆண்டு போன்றவற்றுக்குக் கால வரிசை.

நாடுகள், மாவட்டங்கள், கடைகள் போன்று தமக்குள் முன்பின் இல்லாதவற்றுக்கு அளவு வரிசை. எந்த மாவட்டம் முன்னே, எது பின்னே என்பதுதான் படிப்பவர் தேடுவது. இதில் அகர வரிசை போட்டால் 'அ'வில் தொடங்கும் அரியலூர் முதலில் வரும், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. நீளப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடிப் பிடிக்க மட்டும் அகர வரிசை நல்லது.

கருத்துக்கணிப்பு விடைகளுக்குப் படி வரிசை. 'முழுக்க ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை, மறுக்கிறேன், முழுக்க மறுக்கிறேன்' என்று ஏணி போல இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை அகர வரிசையில் விட்டால் ஏற்கிறேன், மறுக்கிறேன், நடுநிலை, முழுக்க ஏற்கிறேன், முழுக்க மறுக்கிறேன் என்று வரும். அளவு வரிசையும் இங்கே ஆகாது. ஏணியின் படிகளைப் பிடுங்கி நீளவாரியாக அடுக்கியது போலாகிவிடும்.

கடைசியாக, ரயில் நிலையங்கள், ஆற்றங்கரை ஊர்கள் போன்றவற்றுக்கு வழி வரிசை. மேட்டூர், ஈரோடு, கரூர், திருச்சி என்று காவிரி போகும் வழியில் நிறுத்தினால்தான் தண்ணீர் எங்கே குறைகிறது என்று தெரியும்.

செய்வது எப்படி?

எக்ஸெல்லில் சார்ட், தாளில் இருக்கும் வரிசையையே பின்பற்றும். எனவே தாளைச் சரிசெய்தால் போதும். வரிசைப்படுத்தும் பெட்டியில் 'கஸ்டம் லிஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. ஆங்கில மாதங்களும் கிழமைகளும் அதில் ஏற்கெனவே உண்டு. சித்திரை முதல் பங்குனி வரை ஒரு முறை எழுதிச் சேர்த்துவிட்டால் பிறகு அந்தக் கணினியில் எப்போதும் கிடைக்கும். இன்னொரு விஷயம், படுக்கைவசப் பட்டைகள் போட்டால் தாளில் முதலில் இருப்பது படத்தில் அடியில் போய்விடும். அச்சு கீழிருந்து மேலாக எண்ணுவதால் வரும் வினை. அச்சின் அமைப்பில் 'வரிசையைத் தலைகீழாக்கு' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும், அதை டிக் செய்தால் போதும்.

பவர் பிஐ-யில் மாதப் பெயருக்குப் பக்கத்தில் 1 முதல் 12 வரை எண்கள் கொண்ட இன்னொரு நெடுவரிசை வைத்து, 'சார்ட் பை காலம்' என்ற வசதியில் அதைக் காட்ட வேண்டும். ஒரு பெயருக்கு ஒரே எண்தான் இருக்கலாம். 2024 ஜனவரிக்கு ஓர் எண், 2025 ஜனவரிக்கு வேறு எண் என்று வைத்துவிட்டு இரண்டுக்கும் வெறும் 'ஜனவரி' என்று பெயரிட்டால் முடியாது என்று மறுத்துவிடும். டேப்லோவில் பெயரைப் பிடித்து இழுத்தே வேண்டிய இடத்தில் வைக்கலாம். பைத்தான்காரர்களுக்குப் பாண்டாஸ் நூலகத்தில் 'கேட்டகாரிக்கல்' என்ற வகை உண்டு.

எதில் செய்தாலும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கையால் கொடுக்கும் பட்டியலில் எழுத்துப்பிழை இருந்தால் அந்த ஆள் தொலைந்துபோவார். ஆரிலும் பாண்டாஸிலும் பட்டியலில் இல்லாத பெயர் வெற்றிடமாக மாறிவிடும், சத்தமே இருக்காது. இரண்டு, வரிசையை மாற்றியபின் ஏதாவது ஒரு பட்டையை எடுத்து மூலத் தாளில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடம் செலவழித்திருந்தால் மார்ச் மாதத்தில் வெள்ளம் வந்திருக்காது.

மறுநாள் காலை

மாணவி இரவு ஒன்றரை மணிக்குப் படத்தைச் சரிசெய்து முடித்தாள். நவம்பர் உயர்ந்து நின்றது, பக்கத்தில் டிசம்பர். தோழி பார்த்துவிட்டு, "ம்... இப்போ சரி," என்று சொல்லிப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ரிவ்யூவில் பேராசிரியர் படத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தவளிடம் ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, ஜனவரில ஏன் ஆரம்பிச்சிருக்கே?"

இவளுக்குப் பதில் தெரியவில்லை. ஜனவரிதானே முதல் மாதம்?

"காலண்டருக்கு முதல் மாசம். மழைக்கு? ஜூன்ல தென்மேற்கு ஆரம்பிக்குது, அக்டோபர்ல வடகிழக்கு. நீர் கணக்கு போடறவங்க ஜூன்லேர்ந்து மே வரைதான் ஒரு வருஷம்னு வெப்பாங்க. உன் படத்துல டிசம்பர் ஓரத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது. அந்தத் தண்ணி ஜனவரில என்ன ஆச்சுன்னு பார்க்கணும்னா நான் அடுத்த பக்கத்துக்கு இல்ல போகணும்?"

அவள் தலையை ஆட்டினாள். மதியமே உட்கார்ந்து 2015 ஜூன் முதல் 2016 மே வரை விவரம் எடுத்து மறுபடி ஒரு படம் போட்டாள். படத்துக்கு அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: 'மாதங்கள் நீராண்டு வரிசையில், ஜூன் முதல் மே வரை.'

மூலத் தாளோடு மூன்று பட்டைகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் லேப்டாப்பை மூடினாள்.